மார்கழியில் நின்றுபோகும் கடிகாரம்

பொள்ளாச்சியில் என் மாமனார் வீட்டு ஆசாரத்துச் சுவரில் ஒரு செய்கோஷா கடிகாரம் தொங்குகிறது. எட்டு நாளுக்கு ஒருமுறை சாவி கொடுக்க வேண்டிய, மணி அடிக்கிற பழைய ஜப்பான் கடிகாரம். ஹட்டோரி கின்டாரோ 1892-ல் டோக்கியோவில் தொடங்கிய தொழிற்சாலையின் பெயர்தான் செய்கோஷா. அங்கே முதலில் செய்தவையே சுவர்க் கடிகாரங்கள்தான். தமிழ்நாட்டில் பழைய வீடுகளில் இன்னும் நிறையத் தொங்குகின்றன.

மாமனார் அதைப் பற்றி ஒவ்வொரு வருஷமும் ஒரே புகாரைச் சொல்வார். "மார்கழி வந்தா அது படுத்துக்குதுங்க மாப்ள. தை கழிஞ்சு ஆட்டி விட்டா மறுபடி ஓடுது." மார்கழியில் ராத்திரி நின்றுவிடும். பகலில் பெண்டுலத்தைத் தள்ளிவிட்டால் மறுபடி ஓடும். மறுநாள் விடிகாலையில் பார்த்தால் மூன்று மணிக்கோ நான்கு மணிக்கோ நின்றிருக்கும். பழுது பார்க்கிறவர்களிடம் கொடுத்தபோது அங்கே பகல் முழுக்க நன்றாக ஓடியதாம். எந்தக் கோளாறும் இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம்.

போன மார்கழியில் இரண்டு நாள் அங்கே தங்கினேன். காலை ஐந்தரைக்கு எழுந்து, நின்றுபோன கடிகாரத்தின் முகப்பைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். சக்கரங்களை நடுவே தாங்கும் இரண்டு பித்தளைத் தகடுகளில் முன்னதான முன் ப்ளேட்டில், அச்சு முனைகள் எட்டிப் பார்க்கும் ஒவ்வொரு துளையைச் சுற்றியும் வெள்ளையாக ஏதோ உறைந்திருந்தது. நகத்தால் சுரண்டினால் மெழுகு மாதிரி வந்தது. அறையின் வெப்பம் 20 டிகிரி. மத்தியானம் மறுபடி பார்த்தேன். அதே இடங்களில் வெள்ளை இல்லை, கண்ணாடி போல எண்ணெய் நின்றது. விரலில் தொட்டு முகர்ந்ததும் விஷயம் தெரிந்துவிட்டது. தேங்காய் எண்ணெய்.

மாமனாரிடம் கேட்டேன். "ஆமாங்க, ஆயுத பூசைக்கு வருஷா வருஷம் ரெண்டு சொட்டு விடறதுதான். நம்ம தோப்புக் கொப்பரை ஆட்டுன எண்ணெய், கலப்படமே கிடையாதுங்க" என்றார். தோட்டத்து மோட்டாருக்கும் வண்டிக்கும் பொட்டு வைத்துக் கும்பிடுகிற அன்றைக்கே கடிகாரத்துக்கும் ஒரு மரியாதை செய்திருக்கிறார். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைய ஆரம்பிக்கும். புரட்டாசி, ஐப்பசியில் விட்ட எண்ணெய் மார்கழிக் குளிரில் கட்டியாகும், வெயில் ஏறினால் இளகும். கடையில் பகலில் ஓடியதற்கும் இங்கே விடிகாலையில் நின்றதற்கும் காரணம் அதுதான்.

ஆனால் எண்ணெய் மட்டும் காரணமாக இருக்க முடியாது என்று எனக்குத் தோன்றியது. நல்ல நிலையில் இருக்கிற கடிகாரத்துக்கு மெயின் ஸ்பிரிங்கின் விசை கொஞ்சம் மிச்சமாகவே இருக்கும். சிறு தடை வந்தாலும் தள்ளிக்கொண்டு போய்விடும். இதில் மிச்சமே இல்லை என்றால் உள்ளே தேய்மானம் இருக்கிறது. துணியில் சுற்றிக் கோயமுத்தூருக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

நான் பம்ப் தயாரிக்கிற கம்பெனி ஒன்றில் டூல் ரூமில் இருக்கிறேன். வீட்டுக்குப் பின்னால் தகர ஷெட்டில் ஒரு சின்ன பெஞ்ச் லேத்தும், செகண்ட் ஹாண்டில் வாங்கிய சின்ன மில்லிங் மெஷினும் உண்டு. கடிகாரம் என்று முழுதாகப் பிரித்து வேலை செய்தது இதுதான் முதல்.

பிரிப்பதற்கு முன்னால் ஸ்பிரிங்கை இறக்கியே ஆக வேண்டும். இதில் இரண்டு ஸ்பிரிங், ஒன்று ஓட்டத்துக்கு, மற்றது மணி அடிக்க. இரண்டும் டப்பா இல்லாமல் திறந்தபடியே சுருண்டிருக்கும். முறுக்கு ஏறிய நிலையில் ப்ளேட்டைக் கழற்றினால் சக்கரப் பற்கள் ஒடியும், விரலும் போகும். வாகை மரத்துண்டு ஒன்றை லேத்தில் கடைந்து உருண்டைக் கைப்பிடி செய்து, அதன் முனையில் சாவித்துளை வெட்டிய குழாயைப் பொருத்தினேன். அதைச் சாவித் தண்டில் மாட்டி இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தடுப்பு நாக்கைத் தூக்கிவிட்டு, கைக்குள்ளேயே கைப்பிடியை வழுக்கவிட்டு மெதுவாக இறக்கினேன். அதற்கு முன்பே ஸ்பிரிங் ஒவ்வொன்றையும் கம்பி வளையத்துக்குள் அடக்கிவிட வேண்டும். ஒரு ஸ்பிரிங்குக்குக் கால் மணி நேரம் ஆனது. இந்த வேலையில் அவசரம் கூடாது.

உள்ளே பச்சைப் பிசின். பல வருஷத்து எண்ணெய் பித்தளையோடு சேர்ந்து களிம்பாகி, அதில் தூசி ஒட்டிக் கெட்டியாகியிருந்தது. கடிகாரக்காரர்கள் அமோனியா கலந்த சோப்புத் தண்ணீரில் ஊற வைப்பது வழக்கம். பளபளவென்று வரும். எனக்கு அதில் பயம் உண்டு. உள்ளுக்குள் இழுவிசையோடு இருக்கும் பித்தளையை அமோனியா மெல்ல விரிசல் விடச் செய்யும். பிரிட்டிஷ் காலத்தில் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்த பித்தளைத் தோட்டா உறைகள் தாமாகவே விரிசல் விட்டுக் கிடந்தன. குதிரை மூத்திரத்திலிருந்து வந்த அமோனியாதான் காரணம் என்பது 1921-ல்தான் தெளிவானது. அதனால் டர்பன்டைனில் ஊற வைத்து, பிரஷ் போட்டு, பாத்திரம் கழுவும் திரவம் கலந்த வெந்நீரில் அலசி, ஹேர் டிரையரில் காய வைத்தேன். அத்தை புளி கொடுத்தனுப்பியிருந்தார். அதைச் சாவிக்கு மட்டும் தேய்த்தேன். துளைகளுக்குள் இருக்கும் அழுக்குதான் முக்கியம். அதற்கு ஊதுவத்தியின் மருந்து பூசாத மூங்கில் முனையைக் கத்தியால் கூராகச் சீவி, துளைக்குள் விட்டுத் திருக வேண்டும். கறுப்பாக வரும். மறுபடி சீவி மறுபடி திருக வேண்டும். குச்சி வெள்ளையாகவே வெளியே வரும்வரை. ஒரு கட்டு ஊதுவத்தி தீர்ந்தது.

சுத்தமான பிறகுதான் தேய்மானம் கண்ணுக்குத் தெரிந்தது. ஒவ்வொரு சக்கரத்தின் எஃகு அச்சும் இரு நுனியிலும் மெலிந்து, ப்ளேட்டின் துளையில் உட்கார்ந்து சுழலும். அந்த மெலிந்த நுனியைத்தான் பிவட் என்பது. வட்டமாக இருக்க வேண்டிய துளைகள் ஓட்டப் பகுதியில் ஆறு இடத்தில் முட்டை வடிவாகியிருந்தன. முன் ப்ளேட்டில் இரண்டாம் சக்கரத்தின் துளை மிக மோசம். 1.6 மி.மீ. பிவட்டுக்கு நீளவாட்டில் 1.95 மி.மீ. முன்பு யாரோ அதைச் சுற்றிலும் பஞ்ச் குத்தித் துளையை நெருக்கப் பார்த்த தடமும் இருந்தது.

இந்தத் தேய்மானம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வராது. தன்னை ஓட்டுகிற சக்கரத்தை விட்டு விலகும் பக்கமாகவே துளை நீளும். பித்தளை மெத்தென்று இருப்பதால் தூசியின் கடின மணிகள் அதில் பதிந்துவிடும். அப்புறம் அந்தத் துளை உப்புத்தாள் மாதிரி வேலை செய்து எஃகையே அரிக்கும். பிவட்டைத் திருப்பிப் பார்த்தால் மோதிரம் போட்டது போலக் கோடுகள் இருந்தன.

முதலில் பிவட்டுகளைச் சரி செய்தேன். அச்சை லேத்தின் கோலெட்டில் (இறுக்கிப் பிடிக்கும் குழல்) பிடித்து, நுனியில் டயல் கேஜ் வைத்து ஓட்டம் நேராக இருப்பதைப் பார்த்துவிட்டு, மெல்லிய எண்ணெய்க்கல்லால் கோடுகளை எடுத்தேன். அதன்பின் உடைந்த கார்பைடு ட்ரில்லின் தண்டை எண்ணெய் தொட்டு அழுத்தி உருட்டினேன். இது உலோகத்தை எடுக்காது. மேற்பரப்பை அமுக்கிக் கண்ணாடி போலாக்கும். எல்லாம் முடிந்து அளந்தால் பிவட் 1.57 மி.மீ.

அடுத்து புஷ், அதாவது தேய்ந்த துளையை விரித்து அதில் அழுத்திப் பொருத்தும் பித்தளை வளையம். 6 மி.மீ. பித்தளைக் கம்பியை லேத்தில் பிடித்து வெளி விட்டம் 3.52 மி.மீ. கடைந்தேன். ப்ளேட்டில் ரீமர் விட்ட துளை 3.50. அந்த இரண்டு சென்டி மில்லி (0.02 மி.மீ.) இறுக்கமே புஷ்ஷைப் பிடித்துக்கொள்ளும். என் லேத்தின் மூன்று தாடைச் சக்கில் கம்பி எட்டு சென்டி மில்லி வரை தள்ளாடும். ஆனாலும் வெளி விட்டம் கடைவது, நடுவில் துளை போடுவது, வெட்டி எடுப்பது மூன்றையும் கம்பியைக் கழற்றாமல் ஒரே பிடியில் செய்துவிட்டால் உள்ளும் புறமும் ஒரே மையத்தில்தான் வரும். கழற்றி மாட்டினால் அந்த எட்டு அப்படியே துளைக்குள் போய்விடும்.

என் முதல் பிசகு பொருத்தத்தில். பம்ப் வேலையில் தண்டுக்கும் புஷ்ஷுக்கும் இடைவெளி குறையக் குறைய நல்லது என்று பழகிய கை என்னுடையது. 1.57 பிவட்டுக்கு 1.585-ல் துளை போட்டேன். தனி ப்ளேட்டில் வைத்துச் சுற்றினால் எண்ணெயில் மிதப்பது மாதிரி சுற்றியது. இரண்டு ப்ளேட்டையும் சேர்த்துப் பூட்டியதும் இறுகி நின்றது. ஒன்றரை மி.மீ. தடிமனுள்ள இரண்டு தகடுகள் நாலு தூணில் நிற்கின்றன. முன் துளையும் பின் துளையும் நூலுக்கு நேராக இருக்கவே முடியாது. அச்சு கொஞ்சம் சாய்ந்துதான் நிற்கும். அந்தச் சாய்வுக்குத் துளை இடம் கொடுக்க வேண்டும். துளையைச் சீவி விரிக்கும் ப்ரோச் விட்டு 1.63-க்கு விரித்தேன். இப்போது ஒரு ப்ளேட்டில் மட்டும் அச்சை நிறுத்தினால் இந்தப் பக்கம் இரண்டு டிகிரி, அந்தப் பக்கம் இரண்டு டிகிரி சாய்ந்து ஆடும். டூல் ரூமில் இதைப் பார்த்தால் ரிஜெக்ட் போடுவோம். கடிகாரத்துக்கு இதுதான் சரி. ஒரு வாரம் முழுக்க ஓட அதற்குக் கிடைப்பது கையால் முறுக்கிய ஒரு ஸ்பிரிங்தான். அதில் துளியும் உராய்வுக்குப் போகக் கூடாது.

இரண்டாவது பிசகு பெரிது. அந்த மோசமான துளையை ட்ரில் விட்டு விரித்தபோது, நீண்டுபோன பக்கமாக ட்ரில் தானாகவே இழுத்துக்கொண்டு போய்விட்டது. நான் கவனிக்கவில்லை. புஷ் அழகாக உட்கார்ந்தது, சக்கரமும் லேசாகச் சுற்றியது. மொத்தமாகப் பூட்டி ஸ்பிரிங்கில் கொஞ்சம் முறுக்கு ஏற்றினால், கொஞ்ச நேரம் ஓடும், 'கரக்' என்று ஒரு சத்தம், நின்றுவிடும். இரண்டு ராத்திரி காரணம் புரியவில்லை. மூன்றாம் நாள் பூதக்கண்ணாடி வைத்துப் பல்லும் பல்லும் சேரும் இடத்தைப் பார்த்தேன். இந்தக் கடிகாரத்தில் சின்னச் சக்கரங்கள் கூண்டு மாதிரி, இரண்டு வட்டத் தகடுகளுக்கு நடுவே வரிசையாக எஃகுக் கம்பிகள். பெரிய சக்கரத்தின் பல் அந்தக் கம்பிகளுக்கு இடையில் மேலாகத்தான் நுழைந்தது. பல்லின் நுனி கம்பியின் தலையில் மோதி நிற்பது கண்ணெதிரே தெரிந்தது. மையம் 0.17 மி.மீ. விலகியிருந்தது. பல வருஷத் தேய்மானம் செய்துவைத்த அதே கோளாறை நான் புது புஷ் போட்டு நிரந்தரமாக்கியிருந்தேன்.

புஷ்ஷைத் தட்டி எடுத்தேன். ஆனால் பழைய துளையின் தேயாத ஓரம் போய்விட்டதால், மூல மையத்தைக் காட்ட முன் ப்ளேட்டில் ஒரு தடயமும் மிச்சமில்லை. ராத்திரி படுத்தபடி யோசித்தபோதுதான் பின் ப்ளேட்டின் நினைப்பு வந்தது. அதில் அதே அச்சின் துளை அவ்வளவாகத் தேயவில்லை. சக்கரங்கள் எதுவும் இல்லாமல் இரண்டு ப்ளேட்டையும் தூண்களோடு பூட்டி, மில்லிங் மேசையில் முன் ப்ளேட் மேலே இருக்கும்படி கட்டினேன். ஸ்பிண்டில் கோலெட்டில் 1.6 மி.மீ. நேர்க்கம்பியை நீளமாக மாட்டி, முன் ப்ளேட்டின் பெரிய துளை வழியாகக் கீழே இறக்கினேன். பின் ப்ளேட்டின் துளைக்குள் கம்பி வளையாமல், உரசாமல் தானாக விழும்வரை மேசையை ஒரு டிவிஷன் அப்படி, ஒரு டிவிஷன் இப்படி நகர்த்திக்கொண்டே இருந்தேன். விழுந்ததும் மேசையைப் பூட்டினேன். கம்பியைக் கழற்றி 4.5 மி.மீ. எண்ட் மில் மாட்டினேன். ட்ரில் பழைய துளையைத் தேடிப் போகும். எண்ட் மில் தன் மையத்தைத்தான் வெட்டும். ஒரு பக்கம் நிறையவும் எதிர்ப்பக்கம் நூலளவும் பித்தளை சுருண்டு வந்ததைப் பார்த்தபோதே சரியான இடம் கிடைத்துவிட்டது என்று தெரிந்தது. புதிதாக 4.52-ல் புஷ் கடைந்து அழுத்தினேன். வெளிப்பக்கம் எண்ணெய் நிற்க ஒரு சின்னக் குழி. மற்ற ஐந்து துளைகளையும் ட்ரில் தொடாமல் இதே முறையில் முடித்தேன்.

அடுத்த தொல்லை பெண்டுலம் தொங்குகிற சின்னப் பித்தளைத் தூணில். அதன் பிளவில் குறுக்கே போகிற எஃகுத் திருகு துருப்பிடித்து உள்ளேயே ஒடிந்திருந்தது. ஒன்றரை மி.மீ. திருகு. அதைத் துளைக்கப் போனால் தூணே போய்விடும். இதற்குப் பழைய கடிகாரக்காரர்களின் வைத்தியம் படிகாரம். சூடான படிகாரக் கரைசல் எஃகைக் கரைக்கும், பித்தளையை அவ்வளவாகத் தொடாது. நாட்டு மருந்துக் கடையில் நூறு கிராம் வாங்கினேன். ஒரு கண்ணாடி டம்ளரில் வெந்நீர் ஊற்றி, இனிமேல் கரையாது என்கிற அளவுக்குப் படிகாரத்தைக் கரைத்து, தூணைப் போட்டு, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் டம்ளரை நிறுத்தினேன். இரும்பு, எவர்சில்வர் பாத்திரம் எதுவும் கூடாது. பத்து நிமிஷத்தில் திருகு இருந்த இடத்திலிருந்து மட்டும் ஊசிமுனை மாதிரி குமிழ்கள் வரிசையாக எழுந்தன. என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் ஆற ஆறச் சுட வைத்து, அன்று சாயங்காலம் வரை விட்டேன். திருகு கறுத்த சேறாகி, குச்சியால் தள்ளியதும் வெளியே வந்தது. துளையின் மறை அப்படியே இருந்தது. தூண் லேசாகச் செம்பு நிறம் பூத்திருந்தது, பிரஷ்ஷில் தேய்த்ததும் போய்விட்டது. தூணில் வேறு எஃகு எதுவும் இல்லாததால்தான் இப்படி முழுக்க முக்க முடிந்தது.

பெண்டுலத்தைத் தாங்குகிற மெல்லிய பட்டை ஸ்பிரிங் மடங்கிப் போயிருந்தது. ஃபீலர் கேஜில் 0.05 மி.மீ. இதழைக் கத்தரித்துப் புதிதாகச் செய்தேன். பிவட்டுகளுக்குக் கடிகார எண்ணெய், குழியில் பாதி அளவுக்கு மட்டும். சக்கரப் பற்களுக்கு எண்ணெய் விடவே இல்லை. விட்டால் தூசிதான் ஒட்டும்.

ஓட்டத்தைச் சரிபார்க்கப் பற்களை எண்ணினேன். மணிக்கு ஒரு சுற்று சுற்றும் நடுச் சக்கரம் 72 பல், அது ஓட்டும் கூண்டில் 8 கம்பி. அடுத்தது 84 பல், 7 கம்பி. கடைசியில், பெண்டுலம் ஆட ஆட ஒவ்வொரு பல்லாக விடுபடும் தப்புச் சக்கரம் 36 பல். ஒரு பல்லுக்கு இரண்டு டிக். பல்லைக் கம்பியால் வகுத்துப் பெருக்கினால் மணிக்கு 7,776 டிக், விநாடிக்கு 2.16. இந்த வேகத்துக்குப் பெண்டுலத்தின் கணக்கு நீளம் 212 மி.மீ. வருகிறது. ஒரு மி.மீ. மாறினால் நாளுக்கு ஏறத்தாழ மூன்றரை நிமிஷம் மாறும். குண்டுக்குக் கீழே இருக்கும் நட்டின் மறை இடைவெளி 0.7 மி.மீ. என்பதால், ஒரு முழுச் சுற்று இரண்டரை நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. இது தெரிந்தபின் குருட்டாம்போக்கில் திருக வேண்டியதில்லை. போனில் ஒலியைப் பதிவு செய்து டிக்குகளின் இடைவெளியைப் பார்த்து, 'டிக்'கும் 'டாக்'கும் ஒரே இடைவெளியில் விழும்வரை பெண்டுலத்தைத் தள்ளுகிற கம்பியைத் துளித்துளியாக வளைத்தேன். கடைசியில் காதுதான் முடிவு சொன்னது. சமமாக விழும்போது நடை மாதிரி கேட்கும், இல்லாவிட்டால் நொண்டுவது தெரியும்.

ஷெட்டில் இருபது நாள் ஓட விட்டு, ஆடியில் பொள்ளாச்சியில் மாட்டினேன். ஆயுத பூஜைக்கு மாமனார் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தவர் என்னைப் பார்த்து நின்றார். "சந்தனம், குங்குமம் மட்டும் வெச்சா போதுங்க மாமா" என்றேன். மரப்பெட்டியின் நெற்றியில் பொட்டு வைத்துவிட்டுக் கிண்ணத்தைத் திருப்பி எடுத்துப் போனார்.

இந்த மார்கழி பன்னிரண்டாம் தேதி விடிகாலை ஐந்தே காலுக்கு போன் வந்தது. "ஓடுதுங்க மாப்ள. குளிரு போன வருஷத்தவிட சாஸ்தி." போனைக் கடிகாரத்துக்குப் பக்கத்தில் பிடித்திருந்தார். டிக் டாக் கேட்டது, இரண்டும் சமமாக. ஞாயிற்றுக்கிழமை சாவி கொடுக்கும்போது ரேடியோ நேரத்தோடு ஒப்பிட்டு அவரே ஒரு காலண்டர் தாளில் குறித்து வருகிறார். வாரத்துக்கு நாற்பது விநாடி முந்துகிறது. நட்டை அதற்காகத் தொடப் போவதில்லை.

மணி அடிக்கும் பகுதியில் இன்னும் மூன்று துளைகள் நீண்டிருக்கின்றன. அவற்றை இந்த முறை விட்டுவைத்தேன். பன்னிரண்டு மணி அடிக்கும்போது கடைசி மூன்று அடி கொஞ்சம் இழுக்கிறது. சித்திரை லீவில் அதைப் பிரிக்க வேண்டும்.